நமக்கு விளம்பரம், கோடீஸ்வரனுக்கு ரகசியமா?

சுவாமிமலைக் கடைத்தெருவில் ஒரு டீக்கடை. காலையில் பத்திரிகை வந்ததும் ஒருவர் உரக்கப் படிப்பார். நடவுக்குப் போகிறவர்கள் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். சென்ற ஆண்டு ஒருநாள் அப்படிப் படித்ததில், ஒரு சர்க்கார் பாங்கியின் நகை ஏல அறிவிப்பு வந்தது. பொடி எழுத்தில் கடன் நம்பர், பெயர், ஊர். அதில் எங்கள் தெரு அம்மா ஒருவரின் பெயரும் இருந்தது. குத்தகை நிலத்துக்கு விதையும் உரமும் வாங்க இரண்டு பவுன் சங்கிலியை அடகு வைத்தவர். மழையில் பயிர் அழுகிப் போயிற்று. தம் பெயரைத் தாமே நின்று கேட்டார். கடையில் யாரும் பேசவில்லை.

ஐம்பது கோடி வாங்கிவிட்டு வேண்டுமென்றே கட்டாதவன் பெயரை எந்த டீக்கடையிலாவது இப்படிப் படிக்கக் கேட்டதுண்டா, தோழர்களே?

அந்தப் பெயர்களை வெளியிடு என்று சொன்ன ஒரு பேராசிரியர் உண்டு. மாடபூஷி ஸ்ரீதர் ஆச்சார்யுலு. வாரங்கல்காரர். தெலுங்குப் பத்திரிகைகளில் பேனா பிடித்து, பிறகு ஐதராபாத் நல்சார் சட்டப் பல்கலைக்கழகத்தில் பத்திரிகைச் சட்டம் போதித்தவர். பேராசிரியர் என்றால் நமக்கு எட்டாத மனிதர் என்று நினைப்போம்; நானும் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவன்தான். ஆனால் செய்தி தேடி அலைந்தவருக்கு ஆபீஸ்களில் எதை எங்கே ஒளிப்பார்கள் என்பது தெரியும். சட்டமும் கற்றுவிட்டால், அதை வெளியே கொண்டுவரும் வழியும் தெரியும். இரண்டும் தெரிந்த இவர் 2013 நவம்பரில் மத்தியத் தகவல் கமிஷனர் ஆனார்.

சும்மா இருப்பாரா? டெல்லிப் பல்கலைக்கழகத்தின் 1978-ம் ஆண்டு பி.ஏ. பதிவேட்டைக் காட்டச் சொல்லி 2016 டிசம்பரில் உத்தரவிட்டார். பிரதமர் மோடி தேறியதாகச் சொல்லப்படும் வருஷம் அது. அடுத்த மாதமே கல்வி இலாகா வழக்குகள் அவரிடமிருந்து எடுக்கப்பட்டன. 2025 ஆகஸ்டில் டெல்லி ஹைகோர்ட்டு அந்த உத்தரவையும் ரத்து செய்தது. பட்டம் கிடக்கட்டும். நம் வயிற்றைத் தொடுவது கடன் விவகாரம்.

பாங்கிகளின் ரகசியத்தைக் காப்பதல்ல, பொதுமக்கள் நலனைக் காப்பதே ரிசர்வ் பாங்கியின் கடமை என்று 2015 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. மூன்று வருஷம் ஆகியும் பட்டியல் வரவில்லை. 2018 நவம்பரில் ஆச்சார்யுலு, ரிசர்வ் பாங்கி கவர்னர் உர்ஜித் பட்டேலுக்கே விளக்கம் கேட்டு நோட்டீஸ் விட்டார். ஆம், கவர்னருக்கே! சிறு தொகை பாக்கி வைத்த விவசாயி அவமானப்படுகிறான், கோடிக்காரனின் பெயர் மட்டும் மறைக்கப்படுகிறது என்பதை அந்த உத்தரவிலேயே எடுத்துக்காட்டினார். அதே மாதம் அவருடைய பதவிக்காலம் முடிந்தது.

2020-ல், தகவல் சட்டத்தின் கீழ் வந்த வேறொரு மனுவுக்கு ரிசர்வ் பாங்கி வாய் திறந்தது. 50 பெரிய கடன்காரர்களின் 68,607 கோடி ரூபாய் கணக்கிலிருந்து தள்ளி வைக்கப்பட்டதாம்! தள்ளி வைத்தது தள்ளுபடியல்ல, வசூல் தொடரும் என்று சர்க்கார் தரப்பில் சமாதானம் சொன்னார்கள். அந்த அம்மாவின் சங்கிலியைத் தள்ளி வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

இந்தச் சட்டத்தின் பல்லைத்தான் ஒவ்வொன்றாகப் பிடுங்குகிறார்கள். கமிஷனர்களின் பதவிக்காலத்தையும் சம்பளத்தையும் நிர்ணயிக்கும் அதிகாரத்தை 2019-ல் மத்திய சர்க்கார் தன் கையில் எடுத்துக்கொண்டது. ஆச்சார்யுலு கமிஷனில் இருந்தபோதே எதிர்த்த திருத்தம் அது. 2023-ல் தனிநபர் விவரப் பாதுகாப்பு என்று ஒரு சட்டம் வந்தது. சொந்த விவரமானாலும் பொதுநலன் இருந்தால் கொடுக்க வேண்டும் என்று தகவல் சட்டத்தின் ஒரு பிரிவிலே இருந்த வாசகத்தை அது எடுத்துவிட்டது. பொதுநலனைச் சொல்லிக் கேட்க இன்னொரு பிரிவு மிச்சம் இருக்கிறது. அதைச் சொல்லி மன்றாடும் பாரம் நம் தலையில். பெயரில்லாத கூலிப் பட்டியலை வைத்துக்கொண்டு, யாருக்குக் கூலி போயிற்று, யாருக்குப் போகவில்லை என்று எப்படிப் பார்ப்பது?

ஆனாலும் பத்து ரூபாயும் ஒரு தாளும் இருந்தால் இன்றும் கேட்கலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கு அந்தப் பத்து ரூபாயும் இல்லை. முப்பது நாளில் பதில் தரவேண்டும். சம்பளத்தில் பிடித்த பிராவிடண்டு பண்டை மில் முதலாளி கட்டினாரா என்று பி.எப். ஆபீசில் கேட்கவும் இதே சட்டம்தான்.

அந்த அம்மாவுக்கு நாங்கள் மனு எழுதினோம். சங்கிலி என்ன விலைக்குப் போயிற்று, வட்டி எவ்வளவு பிடித்தீர்கள் என்று கேட்டோம். பதில் வந்தது. கடனும் வட்டியும் போக அவருக்குச் சேரவேண்டிய மீதி உண்டு என்று அதிலேயே எழுதியிருந்தது. அந்த மீதி இன்னும் கைக்கு வரவில்லை. இரண்டாவது மனு சென்ற திங்கட்கிழமை தபாலில் போயிருக்கிறது.