வீட்டு மொழியை நிறுத்தச் சொல்லாதீர்கள்

பேச்சு தாமதமான பிள்ளையோடு வரும் பெற்றோர், மதிப்பீடு முடிந்து எழுந்திருக்கும் நேரத்தில் ஒரு கேள்வி கேட்கிறார்கள்: "மேடம், இவன் இங்கிலீஷ்லதான் ஏதோ நாலு வார்த்தை சொல்றான். தமிழ் காதுலயே வாங்க மாட்டேங்குறான். வீட்ல எல்லாரும் இங்கிலீஷ்லயே பேசிடட்டுமா?" நம்மில் பலர் இதற்கு "சரி, ஒரே மொழியா இருக்கட்டும், குழப்பம் வராது" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறோம். ஆனால் அந்த அறிவுரைக்கு ஆதாரம் இல்லை, அதனால் வரும் கேடு பெரிது. பேச்சு–மொழி சிகிச்சை அறைகளிலிருந்து அது வெளியேற வேண்டும் என்பதே இந்த இதழின் நிலைப்பாடு.

அந்தப் பிள்ளையைச் சற்று கிட்டத்தில் பார்ப்போம். வயது நான்கு. ஆட்டிசம் என்று தெரியவந்து சில மாதங்கள் ஆகின்றன. காந்த எழுத்துகளை ஏ முதல் இசட் வரை பிசகாமல் அடுக்குகிறான். 'பர்ப்பிள்', 'ஆக்டகன்' என்று அமெரிக்க உச்சரிப்பில் சொல்கிறான். ஓர் எழுத்து கீழே விழுந்தால் 'ஓ நோ! ட்ரை அகெய்ன்!' என்று யூடியூப் குரலிலேயே கூவுகிறான். தாகம் எடுத்தால் மட்டும் ஒரு சொல்லும் வருவதில்லை. அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துத் தண்ணீர் பாட்டில் பக்கம் இழுக்கிறான். இவனுக்கு ஆங்கிலத்தில் சொற்கள் இருக்கின்றன, ஆனால் அவை இன்னொருவரிடம் எதையும் கேட்கவோ சொல்லவோ பயன்படவில்லை. மதிப்பீட்டுத் தாளில் 'ஆங்கிலத்தில் அறுபது சொற்கள்' என்று மட்டும் எழுதினால் அவனுடைய தேவை மறைந்துபோகிறது.

இரண்டாம் மொழியை வீட்டு மொழிக்கு மேலாக விரும்பும் ஆட்டிசப் பிள்ளைகள் நம் ஊரில் மட்டும் இல்லை. துனிசியாவில் வீட்டில் யாருமே பேசாத செந்தர அரபியைக் கார்ட்டூன்களிலிருந்து கற்றுக்கொண்டு, வீட்டில் புழங்கும் துனிசிய அரபியை விட்டு அதிலேயே பேசும் ஆட்டிசக் குழந்தைகளைப் பற்றி மிகைல் கிசீனும் அவருடைய குழுவினரும் 2019இல் எழுதினார்கள். எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் பிரிந்து நிற்கும் நாட்டில் வேலை செய்யும் நமக்கு அது புரியாத செய்தி அல்ல.

ஏன் இப்படி? திரையில் வரும் வாக்கியம் ஒவ்வொரு முறையும் அதே ஏற்ற இறக்கத்தோடு வருகிறது. பதில் கேட்பதில்லை, முகத்தைப் பார்க்கச் சொல்வதில்லை. வேண்டுமானால் நூறு தடவை ஓட்டிக் கேட்கலாம். வீட்டில் காதில் விழும் தமிழ் அப்படியா? அம்மா 'சாப்பிடுறியா' என்பார், அப்பா 'சாப்டாச்சா' என்பார், பாட்டி 'ஒரு வாய் வாங்கிக்கடா' என்பார். ஒரே விஷயத்துக்கு மூன்று வடிவம், மூன்று குரல். பிள்ளை விரும்புவது ஆங்கிலத்தை என்பதைவிட, மாறாமல் வரும் ஒன்றை என்பதே பல நேரங்களில் பொருத்தமாக இருக்கிறது. அப்படியானால் செய்ய வேண்டியது மொழியை மாற்றுவது அல்ல, அந்த நிச்சயத்தைத் தமிழுக்கும் கொண்டுவருவது. குளிக்கும்போது தினமும் அதே சொல்லில், அதே ராகத்தில் 'தண்ணி ஊத்தவா?' என்று கேட்டுவிட்டு, பிள்ளை பதில் சொல்ல இடம் விட்டு நிறுத்தலாம். எழுத்தில் நாட்டம் உள்ள பிள்ளைக்குத் தமிழ்ச் சொற்களை அட்டையில் எழுதிக் காட்டலாம். 'ட்ரை அகெய்ன்' என்று அவன் சொன்னால் தடுக்காமல், 'ஆமா, மறுபடியும் போடு' என்று தொடுத்துக்கொள்ளலாம். அவன் கொண்டுவரும் ஆங்கிலத்தை ஏற்பது நம் கடமை. அதற்காக வீட்டின் பேச்சை நிறுத்தச் சொல்வது நம் வேலை அல்ல.

நிறுத்தினால் என்ன ஆகிறது? அந்த அம்மாவின் ஆங்கிலம் 'கம்', 'சிட்', 'நோ டச்சிங்' என்ற அளவில் நின்றுவிடுகிறது. 'அச்சச்சோ, விழுந்துட்டியா? எங்க வலிக்குது, ஊதி விடவா?' என்று தன்னால் வரும் பேச்சு போய்விடுகிறது. கேலி போய்விடுகிறது, கொஞ்சல் போய்விடுகிறது, இன்று சந்தையில் என்ன பார்த்தோம் என்ற கதை போய்விடுகிறது. இங்கிலீஷ் தெரியாத பாட்டி தப்பாகப் பேசிவிடுவோமோ என்று பேரனிடமே வாயை மூடிக்கொள்கிறார். ஒரு நாளில் பிள்ளையின் காதில் விழும் பேச்சே குறைந்துபோகிறது. பேச்சு வளராத பிள்ளைக்கு மருந்தாக நாம் கொடுத்தது இது.

இரு மொழி கேட்டால் பிள்ளை குழம்பும் என்ற அச்சத்தை ஆய்வுகள் ஆதரிக்கவில்லை. கனடாவில் எலிசபெத் கே-ரெய்னிங் பேர்ட் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், இருமொழி கேட்டு வளர்ந்த டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகள், அதே நிலையுள்ள ஒருமொழிப் பிள்ளைகளைவிட ஆங்கிலத்தில் பின்தங்கவில்லை. ஹேம்ப்லியும் ஃபோம்பானும் 2012இல் ஆட்டிசம் உள்ள 75 பிள்ளைகளை ஒப்பிட்டார்கள். இருமொழிச் சூழலில் வளர்ந்தவர்களுக்குக் கூடுதல் தாமதம் எதுவும் தென்படவில்லை. வீட்டு மொழியை இழப்பதன் விலையையும் அறிந்திருக்கிறோம். அமெரிக்காவில் குடியேறிய குடும்பங்களிடையே லில்லி வாங் ஃபில்மோர் நடத்தி 1991இல் வெளியிட்ட பெரிய ஆய்வு, சிறு வயதிலேயே ஆங்கிலத்துக்கு மாறிய பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் இடையே மனம்விட்டுப் பேச மொழியே இல்லாமல் போனதைப் பதிவு செய்தது.

பெற்றோரின் பயத்தை அலட்சியம் செய்யக் கூடாது. ஆங்கிலவழிப் பள்ளியில் இடம் கிடைக்க வேண்டும், நேர்காணலில் பெயர் சொல்ல வேண்டும், சிறப்புக் கல்வியும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் கிடைக்கிறது. பள்ளிக்கு வேண்டிய ஆங்கிலத்தை நாம் சொல்லித்தரத்தான் வேண்டும். கேட்பது, மறுப்பது, கவனத்தை ஈர்ப்பது, நடந்ததைச் சொல்வது ஆகிய திறன்களை நிறையப் பேச்சுள்ள மொழியில் பெற்ற பிள்ளைக்கு, அவற்றை அடுத்த மொழிக்குக் கொண்டுபோவது எளிது. 'வீட்டு மொழி' என்று இங்கே சொல்வது தமிழை மட்டும் அல்ல. மதுரையில் அது சௌராஷ்டிரமாக இருக்கும், ஆம்பூரில் உருதுவாக, ஒசூரில் தெலுங்காகவோ கன்னடமாகவோ இருக்கும். பெற்றோர் இருவரும் சிரிப்பதும் சண்டை போடுவதும் ஆங்கிலத்தில்தான் என்றால், அந்த வீட்டுக்கு ஆங்கிலமே அந்த மொழி.

நம் நடைமுறையில் மூன்று மாற்றங்களை வேண்டுகிறோம். முதலாவது, கேஸ் ஷீட்டில் 'தாய்மொழி' என்ற ஒரு கட்டத்தோடு நிறுத்தாமல், பிள்ளையிடம் யார், எந்த மொழியில், எந்த வேளையில் பேசுகிறார்கள் என்று எழுதுங்கள். திரையில் கேட்பதைத் தனியே குறியுங்கள். இரண்டாவது, எல்லா மொழியிலும் பிள்ளைக்குத் தெரிந்ததைச் சேர்த்துக் கணக்கிடுங்கள். ஆங்கிலத்துக்கென்று எழுதிய சோதனையைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கி மதிப்பெண் போடாதீர்கள். 'ரெண்டு பந்து' என்று சொல்லும் தமிழ்ப் பிள்ளையிடம் பன்மைப் பிழை எதுவும் இல்லை. மூன்றாவது, ஹோம் புரோகிராமைப் பிள்ளையோடு அதிக நேரம் இருப்பவரின் மொழியில் எழுதிக் கொடுங்கள். அது பாட்டி என்றால் பாட்டியையும் அறைக்குள் அழைத்து உட்கார வையுங்கள்.

இன்னொன்றும் உண்டு. நம் சொல்லை நம்பி வீட்டுப் பேச்சை ஏற்கெனவே நிறுத்திவிட்ட குடும்பங்கள் நம் பதிவேடுகளில் இருக்கின்றன. அவர்களை இந்த மாதமே தொலைபேசியில் அழைத்து, உங்களுக்கு வரும் மொழியில் பிள்ளையிடம் தாராளமாகப் பேசுங்கள் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.