கோட்டைக்கு எந்த பஸ்?

குற்றாலத்துக்கு ஸீஸன் பார்க்கக் கிளம்பும் ஆபீஸ் கோஷ்டிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. ராஜபாளையத்தில் டீ. புளியங்குடியில் முழிப்பு. நடுவே சிவகிரியை அடுத்து வரும் வாசுதேவநல்லூர் குறட்டையிலேயே போய்விடும்.

நான் வேண்டுமென்றே அங்கே இறங்கினேன். ‘ஸார், குற்றாலம் இன்னும் வரலை’ என்று கண்டக்டர் பதறினார்.

டீக்கடையில் விசாரித்தேன். ‘‘அண்ணாச்சி, இங்கே கோட்டை எங்கே இருந்துச்சு?’’

‘‘கோட்டையா? செங்கோட்டை பஸ் இப்பத்தான் போவுது... ஓடுங்க!’’

நான் கேட்டது மண்கோட்டை, ஸார். பூலித்தேவன் பாளையத்துக் கோட்டை. யூசுப்கான் முதல் தடவை முட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். 1761-ல்தான் பிடிக்க முடிந்தது. ஆனாலும் பாளையக்காரர்கள் அடங்கவில்லை. 1767-ல் கர்னல் டொனால்டு கேம்பெல் பீரங்கிகளோடு வந்து இறங்கினார். சுவரில் ஓட்டை விழ விழ, உள்ளே இருந்தவர்கள் குண்டு மழைக்கு நடுவிலேயே வைக்கோலையும் பனை ஓலையையும் திணித்து அடைத்துக்கொண்டே இருந்தார்களாம். நம் வீட்டில் ஓட்டு ஒழுகலை அடைக்கவே நாலு மாசம் ஆகிறது! கடைசியில் கொட்டுகிற நிஜ மழையில் வெளியேறிப் போனார்கள். அவர்கள் துணிச்சலைக் கேம்பெல்லே மெச்சி எழுதினார்.

பக்கத்தில்தான் நெற்கட்டும்செவல். 1755-ல் கர்னல் ஹெரான் கப்பம் கேட்டு வந்து, வெறுங்கையோடு போன ஊர். நெல் கட்ட மறுத்ததால் அது ‘நெற்கட்டான் செவல்’ ஆனது என்பார்கள். கட்டபொம்மன் பிறந்ததே 1760-ல்தான். ஆனால் அவருக்கு சிவாஜி கிடைத்தார். 1959-ல் படம் வந்தது. வசனம் பேசாதவன் பூர்வீகக்காரனாக இருந்தாலும் பின் ஸீட்டுதான் போலிருக்கிறது. நெற்கட்டும்செவலில் நினைவு மண்டபம் இருக்கிறது என்பது ஒரு ஆறுதல்.

ஊரில் பார்க்க வேறு சமாசாரமும் உண்டு. சிந்தாமணிநாதர் கோயிலில் ஸ்வாமி பாதி, அம்பாள் பாதி. தல விருட்சம் புளியமரம். மலையடிவாரத்தில் ‘தலையணை’ - தூங்க அல்ல, குளிக்க. விலாசம் எழுதுகிறவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு: 2019-லிருந்து திருநெல்வேலி அல்ல, தென்காசி மாவட்டம்.

கதையெல்லாம் சொல்லி முடித்தபோது டீக்கடை அண்ணாச்சி கிளாஸைக் கழுவாமல் நின்றிருந்தார். ‘‘நம்ம ஊரா அது?’’ என்றார்.

நான் மெதுவாக நகர்ந்தேன்.

‘‘ஸார், டீக்குக் காசு?’’

‘‘இந்த ஊரில் கப்பம் கட்டுகிற வழக்கமே கிடையாதே, அண்ணாச்சி!’’

சிரித்தார். காசை மட்டும் விடவில்லை.