புழுவினுள் ஒரு கிருமி

வேரைக் குடைந்து, குலை தள்ளிய வாழையையும் சாய்த்துவிடும் நூற்புழுவினால் குடியானவர்கள் அடையும் நஷ்டம் கொஞ்சமன்று. இதனை ஒழிக்க அமெரிக்காவில் செய்த டி.பி.ஸி.பி. என்னும் விஷ மருந்தோ, அதைத் தயாரித்த தொழிலாளிகளையே மலடாக்கிற்று. 1977-ல் இவ்வுண்மை வெளிப்பட்ட பின்னரும் மத்திய அமெரிக்க வாழைத் தோட்டங்களில் அது தெளிக்கப்பட்டே வந்தது. தன் நாட்டாருக்கு ஆகாத விஷம் பிறநாட்டுக் கூலிகளுக்கு ஆகும் என்பது எந்த நியாயம் என்று நாம் கேட்கிறோம்.

இப்பொழுது வேறொரு வழி தென்படுகிறது. ராடோபோலஸ் சிமிலிஸ் என்னும் இப்புழுவின் உடலினுள் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா குடியிருப்பதைப் பெல்ஜியம் தேசத்து ஆராய்ச்சியாளர் 2009-ல் வெளியிட்டனர். யானைக்கால் நோய்ப் புழுவிலும் இக்கிருமியின் இனமே வசிக்கின்றது. டாக்ஸிஸைக்ளின் மருந்தால் கிருமியை அழித்தால் அப்புழு சந்ததியற்றுப் போகின்றது. வாழைப் புழுவும் அவ்வாறே தன் கிருமியை நம்பி வாழ்கின்றதா என்பதைப் பரிசோதனையே தீர்மானிக்க வேண்டும்.

ஆயினும் அம்மருந்தை வயலில் கொட்டுதல் தகாது. மண்ணிலுள்ள கிருமிகள் அதற்கு அஞ்சாமல் பழகிவிடின், நோயுற்ற மனிதருக்கு அது உதவாது போகும். புழுவையும் கிருமியையும் பிணைத்திருக்கும் முடிச்சை மட்டும் அவிழ்க்கும் உபாயமே வேண்டும். வாழை விளையும் தேசங்களின் சர்க்கார்கள் இவ்வாராய்ச்சிக்குத் தாராளமாகப் பொருளுதவ வேண்டுமென வற்புறுத்துகிறோம். பயிரைக் காத்து உழைப்பவனைக் கெடுப்பது வைத்தியமாகாது.