பூட்டுக்குத்தான் மார்க்கா?

தோழர்களே, சேரிக்கு ஆய்வாளர்கள் வர்றாங்க. வீட்டை எண்ணுறாங்க, கூலியைக் கேக்குறாங்க, நம்ம அம்மாக்களின் தாலாட்டையும் ஒப்பாரியையும் பதிவு செய்றாங்க. அப்புறம் ஆளைக் காணோம். கட்டுரை, காசு கட்டினால்தான் திறக்கும் ஆங்கில இதழுக்குள் கிடக்கிறது. அவருக்குப் பதவி உயர்வு. பாட்டுச் சொன்ன கிழவிக்கு ஒரு பிரதிகூட இல்லை.

கோளாறு மார்க்குக் கணக்கில் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் வெளியிட்ட விதிகளைப் புரட்டுங்கள். தாக்கக் காரணி 10-க்கு மேலுள்ள இதழில் கட்டுரை வந்தால் 30 மதிப்பெண். சர்வதேசக் காப்புரிமைக்கு 10, தேசியக் காப்புரிமைக்கு 7. திரட்டிய தரவை எல்லாருக்கும் திறந்து வைத்தால்? அதற்கென்று ஒரு மார்க்கும் கிடையாது. பூட்டுனவருக்குப் பரிசு, தொறந்தவருக்குப் பட்டை நாமம்!

வேதத்தைக் கேட்ட சூத்திரன் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊத்தச் சொன்னது கௌதம தர்ம சூத்திரம். 1927-இல் மகாடில் அம்பேத்கர் சவதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தது, பொதுச் சொத்தில் நமக்கும் உரிமை உண்டு என்பதற்காக. மக்கள் வரிப்பணத்தில் விளையும் ஆய்வும் பொதுக்குளம்தான். திறந்த அறிவியலுக்குப் பணி மதிப்பீட்டில் இடம் கொடுங்கள் என்று 2021-இல் யுனெஸ்கோவே பரிந்துரைத்தது.

எல்லாத்தையும் திறந்துபோடு என்று நான் சொல்லவில்லை. வன்கொடுமைக்குச் சாட்சி சொன்னவரின் பெயரும் ஊரும் வெளியே வந்தால் அவர் உயிருக்கு யார் பொறுப்பு? சொன்னவரின் சம்மதம் முதலில்.

நான் கேட்பது இது: பதவி உயர்வு நேர்காணலில் இரண்டு கேள்வி சேருங்கள். எடுத்ததை அந்த மக்களிடம் திருப்பிக் கொடுத்தீர்களா? அவர்கள் மொழியில் கொடுத்தீர்களா? கொடுத்தவருக்கு மார்க்குப் போடுங்கள். ஆய்வு மாணவர்களே, இந்தக் கோரிக்கையை உங்கள் துறைக் கூட்டத்தில் நாளைக்கே எழுப்புங்கள்.