கைப்பேசிக்குள் வந்த பாட்டுப் புத்தகம்

மீஞ்சூருக்கும் எண்ணூருக்கும் அருகிலுள்ள வள்ளூரை, 1,500 மெகாவாட் அனல்மின் நிலையத்தின் பெயரால்தான் வெளியுலகம் அறியும். மின்நிலையத்துக்கும் துறைமுகத்துக்கும் வேலைக்கு வந்தவர்களால் இப்பகுதியின் சிறு சபைகளில் தமிழோடு தெலுங்கும் ஒடியாவும் கலந்து ஒலிக்கின்றன. அப்படியொரு பாப்டிஸ்ட் சபையில் ஞாயிறு ஆராதனைக்குப் பாடல்களைத் தேர்ந்து தரும் பொறுப்பு அண்மையில் என்னிடம் வந்தது. இணையத்தில் தேடினேன். ஒரே கீர்த்தனை நான்கு தளங்களில் நான்கு விதமாகக் கிடைத்தது. ஒன்றில் இரண்டு சரணங்களைக் காணோம். இன்னொன்றில் றகரம் வரவேண்டிய இடமெல்லாம் ரகரம். மூன்றாவது முழுக்க ஆங்கில எழுத்தில். இயற்றியவர் பெயர் எதிலும் இல்லை.

இதை அச்சுப்பிழை விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. தென்னிந்தியத் திருச்சபைக்கும் லுத்தரன் சபைக்கும் அச்சிட்ட பாட்டுப் புத்தகங்கள் உண்டு; ஐயம் வந்தால் அவற்றைப் புரட்டிப் பார்க்கலாம். பாப்டிஸ்ட் மரபில் ஒவ்வொரு சபையும் தன்னாட்சி உடையது. எதைப் பாடுவது என்று மேலிருந்து சொல்ல ஆயர் மன்றம் கிடையாது. அந்தச் சுதந்திரத்தின் மறுபக்கமாக, தேடுபொறி முதலில் எதைக் காட்டுகிறதோ அதுவே சபையின் பாட்டுப் புத்தகமாகிவிட்டது. 2020 பொதுமுடக்கத்துக்குப் பிறகு புத்தகத்தைக் கையில் எடுத்து வருவோரும் அருகிவிட்டனர்.

மேலைநாட்டு மெட்டுகளுக்கு நிலைமை நன்றாகவே இருக்கிறது. அமெரிக்காவின் கால்வின் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ‘ஹிம்னரி’ தளத்தில் பாடலாசிரியர், மெட்டின் பெயர், அடிக்கு எத்தனை அசை, எந்தெந்தப் புத்தகங்களில் வெளியானது என அனைத்தும் கிடைக்கின்றன. ஜான் ஃபாசெட், ராபர்ட் லவுரி போன்ற பாப்டிஸ்ட் போதகர்களின் பாடல்களை அங்கே சில நிமிடங்களில் சரிபார்த்துவிடலாம். தமிழ்ப் பாமாலைகளில் பல மொழிபெயர்ப்புகள் என்பதால், மூலத்தின் மெட்டை அறியவும் அத்தளம் உதவுகிறது.

கீர்த்தனைக்கு வந்தால் அந்தத் துணை நின்றுவிடுகிறது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) முதலானோர் கர்னாடக இசை மரபில் பல்லவி, அனுபல்லவி, சரணம் எனக் கட்டிய பாடல்கள் அவை. அச்சுப் புத்தகங்களில் பாடலின் தலைப்பிலேயே இராகமும் தாளமும் இருக்கும். பெரும்பாலான புத்தகங்களில் சுரக்குறிப்பு கிடையாது. அந்த ஒற்றை வரிதான் இசைக்கு எஞ்சிய ஒரே எழுத்துச் சான்று. நான் பார்த்த தளங்களில் பல அதை நீக்கிவிட்டு, கிட்டாருக்கான கார்டுகளை இட்டிருக்கின்றன. கார்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு அது தேவை. ஆனால் இராகத்தின் பெயரை எடுத்துவிட்டால் மெட்டு மூத்தவர்களின் தொண்டையில் மட்டுமே மிஞ்சும். எங்கள் சபையில் துறைமுக வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் ஒரு மெட்டில் தொடங்க, பிள்ளைகள் காணொளியில் கேட்ட வேறொரு மெட்டில் தொடர, இரண்டாவது சரணத்தில் ஐயா பாடுவதை நிறுத்திக்கொண்டார்.

தெலுங்கரின் பங்கையும் சொல்ல வேண்டும். அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி சாமுவேல் டே 1837இல் சென்னையில் பணியைத் தொடங்கி, 1840இல் நெல்லூருக்குப் போனார். வடசென்னையின் பாப்டிஸ்ட் சபைகளில் தெலுங்கு கேட்பது தற்செயல் அல்ல. புருஷோத்தம சௌத்ரியின் தெலுங்குக் கீர்த்தனைகளைத் தமிழ் எழுத்தில் தேடினால் கிடைப்பவையோ, ஒலியைக் காதால் கேட்டு எழுதிய குத்துமதிப்புகள்தாம்.

அடுத்தது உரிமைச் சிக்கல். இந்தியச் சட்டப்படி படைப்பாளி மறைந்து 60 ஆண்டுகள் வரையே அவரது பாடலுக்குப் பதிப்புரிமை. சாஸ்திரியாரும் 1900இல் மறைந்த எச்.ஏ. கிருஷ்ணப் பிள்ளையும் எழுதியவை என்றோ பொதுச்சொத்து. ஆயினும் அவற்றின் கீழே சிலர் உரிமைக் குறி இட்டுக்கொள்கிறார்கள். புதிய ஒலிப்பதிவுக்கு உரிமை கோருவது நியாயம். பாடலுக்கே கோருவது எப்படி நியாயமாகும்? மெய்யான சமயச் சடங்கில் பாடுவதற்குச் சட்டம் விலக்கு அளிக்கிறது. ஆனால் அதே ஆராதனையை நேரலையாக அனுப்பினால் இயந்திரம் அந்த விலக்கை அறியாது. எங்கள் பெரிய வெள்ளி ஆராதனையின் நடுவே காணொளித் தளம் ஒன்று ஒலியை நிறுத்திவிட்டது. பாடியதோ நூறாண்டைக் கடந்த பழம்பாடல்.

வழி இல்லாமல் இல்லை. 1998 முதல் தன்னார்வலர்களால் நடக்கும் மதுரைத் திட்டத்தில் யார் தட்டச்சு செய்தார், யார் மெய்ப்பு பார்த்தார் என்பது நூலின் முகப்பிலேயே இருக்கும். பழைய கீர்த்தனைப் புத்தகங்களை இராகம், தாளம், ஆசிரியர் பெயரோடு அவ்வாறு ஏற்றுவது பெருஞ்செலவு பிடிக்கும் வேலை அல்ல. அச்சுப் புத்தகங்களை வைத்திருக்கும் பெரிய திருச்சபைகள் முன்வந்தால், புத்தகமே இல்லாத எங்களைப் போன்ற சிறு சபைகள்தாம் முதலில் பயன்பெறும். விற்பனை குறையும் என்ற அச்சம் அவர்களுக்கு இருக்கலாம். விற்பனையைக் கைப்பேசி ஏற்கெனவே தின்றுவிட்டது.

அதுவரை எனக்கு நானே ஒரு விதி வைத்திருக்கிறேன்: இயற்றியவர் பெயர் இல்லாத பக்கத்திலிருந்து எதையும் எடுப்பதில்லை. சென்ற ஞாயிறு, அந்த ஐயாவின் அட்டை கிழிந்த புத்தகத்திலிருந்து மூன்று பக்கங்களை மீஞ்சூரில் நகலெடுத்து வந்தேன். பிள்ளைகள் முதலில் கேட்டது, பாடலுக்கு மேலே அச்சாகியிருந்த ‘ஆதி தாளம்’ என்றால் என்ன என்பதைத்தான்.