இடமில்லை என்ற பதில்

மருத்துவராக வேண்டும் என்ற ஆவல் ஒரு பிள்ளையின் உள்ளத்தில் எழுமாயின், நம் கத்தோலிக்கக் குடும்பங்கள் அதை வெறும் உத்தியோக ஆசையாகக் கொள்வதில்லை. தேவ அழைத்தலுக்கு அடுத்த படியில் வைத்தே அதைப் போற்றி வந்திருக்கின்றன. ஆகவே, அமெரிக்காவில் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்களிலிருந்து, "பிள்ளைக்கு மருத்துவம் படிக்க விருப்பம், ஆனால் இரசாயன வகுப்பில் இடம் கிடைக்கவில்லையாம்" என்று தொலைபேசியில் செய்தி வரும்போது, இங்கே பாட்டனும் பாட்டியும் பதைபதைப்பது இயல்பே. யாரிடம் சிபாரிசுக் கடிதம் வாங்கலாம், எவ்வளவு நன்கொடை கேட்பார்கள் என்றெல்லாம் நம் எண்ணம் ஓடுகிறது. அந்தப் பதைபதைப்பில் பாதி, அந்நாட்டு முறையை அறியாததால் வருவது. இத்திங்கள் அம்முறையைச் சற்று விரிவாகவே எடுத்துரைக்கக் கருதுகிறோம்.

நம் நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்த மாணவன் நீட் தேர்வு எழுதி, இடம் கிடைத்தால் நேரே மருத்துவக் கல்லூரியில் காலடி வைக்கிறான். ஐக்கிய அமெரிக்காவில் பெரும்பாலும் அவ்வாறன்று. அங்கே முதலில் நான்காண்டுப் பட்டப் படிப்பு. அதன் பின்னரே மருத்துவப் பள்ளியில் நான்காண்டு. அதற்கும் மேல் மருத்துவமனைப் பயிற்சி, துறைக்கேற்ப மூன்று முதல் ஏழு ஆண்டு வரை. பட்டம் எந்தப் பாடத்திலும் இருக்கலாம். வரலாறு படித்தவரும் இசை படித்தவரும் விண்ணப்பிக்கத் தடையில்லை. ஆயினும் சில பாடங்களை அவர்கள் முடித்திருத்தல் வேண்டும். பள்ளிக்குப் பள்ளி சிறிது வேறுபட்டாலும், உயிரியல், பொது இரசாயனம், கரிம இரசாயனம், பௌதிகம் ஆகியவற்றை ஆய்வுக்கூடப் பயிற்சியோடு ஒவ்வோர் ஆண்டு படித்திருக்க வேண்டும் என்பதே நெடுநாளைய வழக்கம். உயிர் இரசாயனமும் இப்போது பல இடங்களில் கேட்கப்படுகிறது. எம்கேட் எனப்படும் நுழைவுத் தேர்வு 2015இல் மாற்றியமைக்கப்பட்டபோது அப்பாடத்துக்கு அதில் பெரிய இடம் தரப்பட்டது. ஆகவே, கணிப்பொறித் துறையில் சில ஆண்டு வேலை பார்த்த ஒருவர், இருபத்தெட்டு வயதில் மருத்துவராக வேண்டும் என்று உறுதிகொண்டாலும், முதலாண்டு இரசாயன வகுப்பில் போய் உட்கார்ந்துதான் தொடங்க வேண்டும். இத்தகையோர் அங்கே அநேகர்.

அவ்வாறு உட்காருவதற்கு எளிய குடும்பத்தார் நாடும் இடம் சமுதாயக் கல்லூரி. இப்பெயரைக் கேட்டவுடன், இங்கே திருச்சபை நிறுவனங்கள் நடத்திவரும் தொழிற்பயிற்சி நிலையங்கள் நம் வாசகர்களின் நினைவுக்கு வரக்கூடும். அங்கே தொழிற்பயிற்சியோடு, பல்கலைக் கழகத்தின் முதலிரண்டு ஆண்டுப் பாடங்களையும் பொதுமக்களின் வரிப்பணத்தில், குறைந்த கட்டணத்தில் கற்பிக்கும் கல்லூரி அது. 1901ஆம் ஆண்டு இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில், ஓர் உயர்நிலைப் பள்ளிக்குள்ளேயே ஆறே மாணவருடன் தொடங்கிய கல்லூரியை இவ்வகையில் முதலாவது என்பர். இன்று கலிபோர்னியா மாநிலத்தில் மட்டும் 116 கல்லூரிகள். அம்மாநிலவாசிக்கு யூனிட் ஒன்றுக்கு 46 டாலர். 2012 கோடை முதல் இதே கட்டணம்தான். ஆய்வுக்கூடத்தோடு கூடிய இரசாயனப் பாடம் ஐந்து யூனிட் என்று கொண்டால் 230 டாலர். தனியார் பல்கலைக் கழகத்தில் இதே பாடத்துக்குப் பல ஆயிரம் டாலர் செலுத்த நேரிடும். வெளி மாநிலத்தாருக்கும் மாணவர் விசாவில் வந்தோருக்கும் சமுதாயக் கல்லூரியிலும் கட்டணம் பன்மடங்கு என்பதை மறத்தலாகாது.

கட்டணம் குறைவு, ஆகவே கூட்டம். ஆனால் இதுவே முழுக் காரணம் அன்று. வரலாற்று வகுப்பில் பத்து நாற்காலி கூடுதலாகப் போட்டுவிடலாம். இரசாயன ஆய்வுக்கூடத்தில் அது நடவாது. அமிலமும் நெருப்பும் புழங்கும் அறையில் ஒவ்வொரு மாணவருக்கும் தனியிடம் வேண்டும். நச்சுப் புகையை இழுத்து வெளியேற்றும் அமைப்பு வேண்டும். ஓர் ஆசிரியர் கண்காணிக்கக்கூடிய தொகைக்கும் எல்லையுண்டு. எனவே இருபது, இருபத்துநான்கு பேருடன் கதவு அடைபடுகிறது. அந்த இடங்களுக்கு மருத்துவம் விரும்புவோர் மட்டுமா போட்டியிடுகின்றனர்? மருந்தியல் நாடுவோர், பல் மருத்துவம் நாடுவோர், பொறியியல் மாணவர் யாவரும் அதே கதவண்டை நிற்கின்றனர்.

பதிவு செய்யும் நாளும் எல்லோருக்கும் ஒன்றன்று. கலிபோர்னியாவில் 2014 முதல் மாநிலம் முழுமைக்குமான ஒரு வரிசை முறை நடைமுறையில் உள்ளது. முன்னாள் படைவீரர், அரசுப் பராமரிப்பில் வளர்ந்த ஆதரவற்ற இளைஞர், உடற்குறையுள்ளோர், வறியோர் ஆகியோர் முதலில் இடம் தெரிந்துகொள்வர். பிள்ளை குட்டியோடு படிக்கும் பெற்றோரும் 2023 முதல் முன்வரிசைக்கு உரியவராயினர். அடுத்து, அறிமுக நிகழ்ச்சியில் கலந்துகொண்டு, ஆலோசகரோடு அமர்ந்து கல்வித் திட்டம் வகுத்துக்கொண்ட மாணவர். ஏற்கெனவே பட்டம் பெற்றுவிட்டு இரண்டே பாடத்துக்காக வருபவர் பெரும்பாலும் வரிசையின் கடைசியில்தான் நிற்பார். நம் பிள்ளை கடைசியில் நிற்கிறானே என்று வருந்தலாம். ஆனால் இவ்வரிசையில் நாம் குறை காண மாட்டோம். எளியோருக்கு முதலிடம் என்று கோவிலில் போதிக்கக் கேட்டுவிட்டு, கல்லூரி வாசலில் முணுமுணுப்பது அழகன்று. ஆலோசகரைக் காணாமல் அசட்டையாய் இருந்து முன்னுரிமையை இழப்பது மட்டும் தவிர்க்கக்கூடிய இழப்பு.

ஓர் இடம் கிடைக்காமற்போனால் என்ன நேரும்? பொது இரசாயனம் முதற்பகுதியை முடித்தால்தான் இரண்டாம் பகுதி. அது முடிந்தால்தான் கரிம இரசாயனம், அதிலும் இரண்டு பகுதி. அதன் பின்னரே உயிர் இரசாயனம். ஒன்றன் கழுத்தில் ஒன்று தொங்கும் சங்கிலி இது. சிறிய கல்லூரிகளில் கரிம இரசாயனத்தின் முதற்பகுதி ஆண்டுக்கு ஒரு முறை மட்டுமே நடைபெறுவதுண்டு. இலையுதிர் பருவத்தில் அதைத் தவறவிட்டவர், அடுத்த இலையுதிர் பருவம்வரை காத்திருக்க வேண்டும். மருத்துவப் பள்ளியில் சேர்ப்பதும் ஆண்டுக்கு ஒரு முறையே. ஒரு நாற்காலி தவறியதால் ஓராண்டு கழிந்துவிடுகிறது. முப்பது வயதில், கைக்குழந்தையோடு, இரவு வேலையும் பார்த்துப் படிப்பவருக்கு அந்த ஓராண்டு எத்துணைப் பெரிது!

இந்த நெருக்கடி ஒரு காலத்தில் வீதிக்கே வந்தது. 2008இன் பொருளாதாரச் சரிவுக்குப் பின் மாநில அரசு நிதியைக் குறைக்க, கல்லூரிகள் வகுப்புகளைக் குறைத்தன. 2012இன் இலையுதிர் பருவத் தொடக்கத்தில், கலிபோர்னியாவில் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர் காத்திருப்போர் பட்டியல்களில் இருந்தனர். அவ்வாண்டின் இளவேனிலில் சாந்தா மோனிக்கா கல்லூரி ஒரு திட்டத்தை முன்வைத்தது. நெரிசல் மிகுந்த பாடங்களுக்குக் கூடுதல் வகுப்புகள் திறக்கப்படும். ஆனால் அவற்றுக்கு யூனிட் ஒன்றுக்கு ஏறத்தாழ 180 டாலர். ஏப்ரல் மாதம் அறங்காவலர் கூட்டத்தின்போது மாணவர் திரண்டு எதிர்த்தனர்; கல்லூரிக் காவலர் மிளகுப்பொடித் திரவத்தைத் தெளித்தனர்; பலர் கண்ணெரிச்சலால் துடித்தனர். திட்டம் பின்னர் கைவிடப்பட்டது. நிருவாகத்தார் தீய நோக்கம் கொண்டிருந்தனர் என்று நாம் சொல்லோம். வகுப்பே இல்லாமற் போவதைவிட விலைக்காவது ஒரு வகுப்பு இருக்கட்டுமே என்று அவர்கள் கருதினர் போலும். ஆயினும், வரிசையில் நிற்பவனிடம், நான்கு மடங்கு தந்தால் பக்கத்துக் கதவு திறக்கும் என்று சொல்வது, ஏழைக்கென்று எழுந்த கல்லூரியில் சொல்லத்தகாத சொல் என்பதே நம் கருத்து. பெருந்தொற்று ஆண்டுகளில் மாணவர் தொகை குறைந்து அக்காலத்து நெரிசல் தணிந்தது உண்மை. ஆய்வுக்கூடப் பாடங்களில் மட்டும் இடம் இன்றும் விரைவில் தீர்ந்துவிடுகிறது.

ஆனால், 'நிறைந்துவிட்டது' என்று திரையில் தோன்றும் சொல் முடிவான சொல் அன்று. இதை நம் குடும்பங்கள் நன்கு மனத்திற் பதித்தல் வேண்டும். காத்திருப்போர் பட்டியலில் மூன்றாம், நான்காம் எண் கிடைத்தவருக்கு நம்பிக்கைக்கு இடமுண்டு. கட்டணம் கட்டத் தவறியோரின் பெயரைக் கல்லூரி நீக்கும். வேறு வகுப்புக் கிடைத்தோர் தாமே விலகுவர். முதல் நாள் வாராதோரை ஆசிரியர் நீக்குவார். இடம் காலியானதும் மின்னஞ்சல் வரும். குறித்த கெடுவுக்குள், சில இடங்களில் ஒரே நாளுக்குள், பதிவு செய்யாவிடில் அடுத்தவருக்குப் போய்விடும். பருவம் தொடங்கிய பிறகு பெரும்பாலும் ஆசிரியரே அனுமதி எண் வழங்குவார். ஆகவே, பெயர் பட்டியலில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் முதல் வகுப்புக்கு நேரத்தோடு சென்று, பணிவோடு தம் நிலையைச் சொல்லி, பாடத்தைக் கேட்டு அமர்ந்திருப்பதே அங்கு மாணவர் கையாளும் வழி. இதில் வெட்கமில்லை, ஆசிரியர்கள் எதிர்பார்ப்பதும் இதையே.

அருளப்பர் நற்செய்தியில், முப்பத்தெட்டு ஆண்டு பிணியுற்றுக் குளக்கரையில் கிடந்தவனை நாம் அறிவோம். நீர் கலங்கும்போது இறக்கிவிட அவனுக்கு ஆளில்லை. அவனுக்கு முன் வேறொருவன் இறங்கிவிடுவான். கல்லூரி வாசலிலும் இதுவே பலருடைய நிலை. மருத்துவரையும் பேராசிரியரையும் உறவாகக் கொண்ட வீட்டுப் பிள்ளைக்கு எந்த நாளில் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று சொல்ல ஆளுண்டு. உணவகத்தில் உழைக்கும் தாயின் பிள்ளைக்கு யார் உண்டு? அமெரிக்கப் பங்குகளில் நம் தமிழ் மக்கள் மாதந்தோறும் தமிழ்த் திருப்பலிக்குக் கூடும் இடங்கள் உண்டு. திருப்பலிக்குப் பின் தேநீர் அருந்தும் அரைமணி நேரத்தில், இவ்வழியில் நடந்து தேறிய ஒருவர் அப்பிள்ளையோடு அமர்ந்து பேசினால் அது பெரும் உபகாரம். இன்னொன்றும் சொல்வோம். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு மூன்று வகுப்புகளில் இடம் பிடித்து வைத்து, பருவம் தொடங்கிய பின் ஒவ்வொன்றாய் விடுவோர் உளர். வேண்டாத இடத்தை இன்றே விட்டுவிட்டால், பட்டியலில் முதலாவதாய் நிற்கும் பெயர் தெரியாத பிள்ளைக்கு ஓராண்டு மீளும்.

வேறு வழிகளும் இல்லாமலில்லை. அடுத்த ஊர்க் கல்லூரி, மாலை வகுப்பு, கோடை வகுப்பு ஆகியவற்றைப் பார்க்கலாம். கோடையில் பதினாறு வாரப் பாடத்தை எட்டு வாரத்துக்குள் நெருக்கிக் கற்பிப்பர். வேலைக்குச் செல்வோர் அதில் இறங்குமுன் நன்கு யோசித்தல் நலம். பொது இரசாயனத்தின் முதற்பகுதியை ஒரு கல்லூரியிலும் மறுபகுதியை வேறொன்றிலும் படித்தால், பாடப் பங்கீடு வேறுபட்டு நடுவே இடைவெளி விழுவதுண்டு. இணைய வழி ஆய்வுக்கூடத்தைச் சில மருத்துவப் பள்ளிகள் ஏற்பதில்லை. சமுதாயக் கல்லூரியில் படித்ததை ஏற்கும் பள்ளிகள் பல. நான்காண்டுக் கல்லூரியில் படித்திருப்பதை விரும்பும் பள்ளிகளும் சில உள. எனவே விண்ணப்பிக்க எண்ணும் பள்ளியின் விதியை முன்னரே படித்தறிய வேண்டும். குறித்த நாளுக்குப் பின் வகுப்பை விட்டால் மதிப்பெண் ஏட்டில் 'டபிள்யூ' என்ற குறி நிலைத்துவிடும். மருத்துவப் பள்ளிக்கு விண்ணப்பிக்கும்போது படித்த கல்லூரி ஒவ்வொன்றின் ஏட்டையும் காட்டியாக வேண்டும். ஒன்றை மறைத்தால் அதுவே பெருங்குற்றமாகும்.

இனி, இங்குள்ள உறவினருக்கு ஒரு சொல். "என் பேரன் சமுதாயக் கல்லூரியிலா படிக்கிறான்?" என்று முகஞ்சுளிக்க வேண்டாம். நீரும் உப்பும் அமிலமும் எல்லாக் கல்லூரியிலும் ஒன்றேதான். மற்றொன்று, பயணம் பற்றியது. அங்கே பல கல்லூரிகளில் இலையுதிர் பருவம் ஆகஸ்டின் பிற்பாதியில் தொடங்குகிறது. நம் வேளாங்கண்ணி ஆலயக் கொடியேற்றமோ ஆகஸ்டு 29. திருவிழா செப்டம்பர் 8. நேர்ச்சை செலுத்த இவ்வாண்டு கட்டாயம் வந்தே தீர வேண்டும் என்று பாட்டி வற்புறுத்த, பிள்ளை விமானம் ஏறினால், முதல் வகுப்பில் அவன் இருக்கை வெறுமையாய் இருக்கும். அன்று மாலையே அது வேறொருவருக்குப் போய்விடும். நேர்ச்சையை இங்குள்ளோர் அவன் பெயரால் செலுத்தலாம். பயணச்சீட்டைக் கிறிஸ்து பிறப்பு விடுமுறைக்கு வாங்கலாம். பருவத் தேர்வுகள் டிசம்பர் நடுவில் முடிந்திருக்கும்.