பழைய பெட்டி! புதிய விளையாட்டு!

லட்சக்கணக்கில் செய்த கம்பெனி, விற்காத சரக்கைக் குழி தோண்டிப் புதைத்தது. வீட்டு மேஜையில் நூறு செய்கிறவரோ, நூறையும் விற்று முடிக்கிறார்!

இது கதை அல்ல. வீடியோ விளையாட்டு வியாபாரத்தில் நடந்ததும் நடப்பதும் இதுதான்.

1990-க்குப் பிறகு நம் ஊர் வீடுகளிலும் வீடியோ கேம் பெட்டிகள் வந்தன. பெட்டியை டெலிவிஷனோடு இணைப்பார்கள். அதில் ஒரு பிளாஸ்டிக் கட்டையைச் செருகுவார்கள். பிள்ளைகள் அதைக் "கேசட்" என்பார்கள். கேசட்டை மாற்றினால் விளையாட்டு மாறும். ஜப்பானின் நிண்டெண்டோ கம்பெனி 1983-ல் வெளியிட்ட பெட்டியைப் பார்த்துச் செய்த நகல்களே அவற்றில் பல.

நிண்டெண்டோ, சேகா, அடாரி ஆகிய கம்பெனிகளின் அந்தக் காலத்துப் பெட்டிகள் இன்னும் பல நாடுகளில், பல வீடுகளில் பத்திரமாக இருக்கின்றன. அவற்றுக்குப் புதிய கேசட்டுகள் இன்றும் வருகின்றன!

யார் செய்கிறார்கள்?

பெரிய கம்பெனிகள் அல்ல. வேலைக்குப் போய் வந்து, இரவில் உட்கார்ந்து எழுதும் தனி மனிதர்கள். இரண்டு மூன்று நண்பர்கள் சேர்ந்த சிறு குழுக்கள்.

இந்த விளையாட்டுகளுக்கு ஆங்கிலத்தில் "ஹோம்புரூ" என்று பெயர். "வீட்டில் காய்ச்சியது" என்று பொருள். காய்ச்சியது என்றதும் வேறு எதையும் நினைத்துவிட வேண்டாம்!

அடாரி 2600 என்ற பெட்டி 1977-ல் வந்தது. 1992-ம் ஆண்டுத் தொடக்கத்தில் கம்பெனி அதைக் கைவிட்டது. மூன்று ஆண்டு கழிந்தது. 1995-ல் எட் பெடர்மேயர் என்ற அமெரிக்கர், அதே பெட்டிக்கு "எட்ரிஸ்" என்ற விளையாட்டைச் சொந்தமாக எழுதினார். அவரைப் பின்பற்றிப் பலர் கிளம்பினார்கள்.

2010 டிசம்பரில் "பியர் சோலார்" வந்தது. இது சேகா மெகா டிரைவ் பெட்டிக்கு ஆனது. முதலில் செய்தது தீர்ந்துபோனது. மீண்டும் செய்தார்கள்.

2019-ல் "மைக்ரோ மேஜஸ்" வந்தது. நிண்டெண்டோவின் பழைய பெட்டியில் நான்கு பேர் சேர்ந்து ஆடலாம். இந்த விளையாட்டின் அளவு வெறும் 40 கிலோபைட். இன்று செல்போனில் எடுக்கும் ஒரு படத்துக்கே இதைப்போலப் பல மடங்கு இடம் வேண்டும்!

புதைத்த கதை

விற்பனைக்கு வருவோம்.

1982-ல் அடாரி கம்பெனி "ஈ.டி." என்ற சினிமாப் படத்தின் பெயரில் ஒரு விளையாட்டு வெளியிட்டது. கிறிஸ்துமசுக்குக் கடைக்கு வரவேண்டும் என்று அவசரம். ஐந்தே வாரத்தில் எழுதினார்கள். சுமார் 40 லட்சம் கேசட் செய்தார்கள் என்பது கணக்கு.

மக்களுக்குப் பிடிக்கவில்லை. லட்சக்கணக்கில் தேங்கிவிட்டது. 1983-ல் இதையும் வேறு சரக்கையும் லாரியில் ஏற்றி, நியூ மெக்சிகோ மாநிலத்தில் அலமகார்டோ என்ற ஊர்க் குப்பை மேட்டில் புதைத்தார்கள். 2014 ஏப்ரலில் தோண்டிப் பார்த்தார்கள். கேசட்டுகள் அங்கேயே இருந்தன!

எத்தனை செய்வது?

வீட்டில் செய்பவருக்கும் இதே கேள்விதான். கேசட் என்றால் சிப் வேண்டும். சிப்பைப் பற்றவைக்கப் பலகை வேண்டும். பிளாஸ்டிக் கூடு வேண்டும். அட்டைப் பெட்டி, விளக்கப் புத்தகம், தபால் செலவு எல்லாம் வேண்டும்.

ஒரு கேசட்டின் அடக்க விலை 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விற்கும் விலை 4,000. நூறு செய்தால் முதல் 2 லட்சம். ஐம்பது விற்றாலே முதல் கைக்கு வந்துவிடும். ஆசைப்பட்டு ஆயிரம் செய்தால் முதல் 20 லட்சம். முந்நூறுதான் விற்றது என்றால் வரவு 12 லட்சம். நஷ்டம் 8 லட்சம்!

ஆகையால் பலர் முதலில் ஆர்டர் வாங்குகிறார்கள். பணம் கட்டியவர்கள் எத்தனை பேரோ, அத்தனை கேசட் செய்கிறார்கள். சரக்கு தேங்குவதில்லை.

இரண்டு ஆபத்து

இதிலும் ஆபத்து உண்டு.

ஒன்று, தாமதம். 2017-ல் முன்பணம் வாங்கிய ஒரு விளையாட்டு, 2020 டிசம்பரில்தான் வாங்கியவர்கள் கைக்கு வரத் தொடங்கியது. பணம் கட்டியவர்களின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

இன்னொன்று, செயற்கைப் பஞ்சம். "நூறுதான் செய்வோம். பிறகு கிடைக்காது" என்று ஆசை காட்டுவது. உடனே சிலர் வாங்கிப் பதுக்குகிறார்கள். பிறகு பல மடங்கு விலை சொல்கிறார்கள். கேசட் பிரிக்காமலே அலமாரியில் தூங்குகிறது. ஆட ஆசைப்பட்ட பிள்ளை ஏமாந்து நிற்கிறது.

நம் கருத்து

கையில் காசு இல்லாதவர் நூறு செய்வதில் தவறு இல்லை. அது புத்திசாலித்தனம். ஆனால், விலையை ஏற்றுவதற்காகவே நூறோடு நிறுத்துவது சரி அல்ல. விளையாட்டு ஆடுவதற்குத்தான். பதுக்குவதற்கு அல்ல.

இதற்கு வழி இருக்கிறது. "மைக்ரோ மேஜஸ்" செய்தவர்கள் கேசட்டையும் விற்றார்கள். கம்ப்யூட்டரில் ஆடும்படியும் தனியாக விற்றார்கள். கேசட் வேண்டியவர் கேசட் வாங்கலாம். விளையாட்டு மட்டும் போதும் என்பவர் அதை வாங்கலாம். யாரும் வெறுங்கையோடு போகவேண்டியது இல்லை. மற்றவர்களும் இதைச் செய்யவேண்டும்.

முன்பணம் வாங்குகிறவர்கள் விளையாட்டை முழுதும் எழுதி முடித்த பிறகு வாங்கட்டும். எத்தனை செய்கிறோம் என்பதை ஒளிக்காமல் சொல்லட்டும். தாமதம் ஆனால், வாய் திறந்து காரணம் சொல்லட்டும். திருப்பிக் கேட்பவருக்குப் பணத்தைக் கொடுக்கட்டும்.

வீட்டில் ஊறுகாய் போட்டு விற்கிற குடும்பத்துக்கும் இது பொருந்தும். கேட்கிற அளவுக்குச் செய்யுங்கள். சொன்ன நாளில் கொடுங்கள். மறுபடியும் கேட்டு வருகிறவரைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

கம்பெனி கைவிட்ட பெட்டிக்கு, பல ஆண்டு கழித்தும் உயிர் கொடுக்கிறவர்கள் இவர்கள். அந்த உழைப்புக்கு நல்ல பெயர் நிலைக்கவேண்டும். அதைக் காப்பாற்றும் பொறுப்பும் அவர்களுடையதே!